மோட்டார் எவ்வளவு நேரம் எரியும்

தம்பி,

நீ ஊரை விட்டுப் போகிறாய் என்று எனக்குச் சொன்னவர் தேக்கா சந்தைத் தையல்காரர். போன செவ்வாய்க்கிழமை, காவல் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கக் கொண்டுபோயிருந்தேன். அதைக் கையில் வாங்கிக்கொண்டே, "என்னண்ணே, பையன் குளிர் ஊருக்குக் கெளம்பிட்டானாமே? கோட்டு தைக்கக் குடுத்திருக்கான். சீக்கிரம் வேணும்னு ஒரே அவசரம் லா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டினேன். "ஆமா ஆமா, அங்க எலும்பு வரைக்கும் குளிருமாம்" என்று வேறு சேர்த்துக்கொண்டேன். எந்த ஊர் என்றே எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுவது உன் அப்பனுக்கு வெகுநாள் பழக்கம். இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக உன் அம்மாவிடம் கத்தினேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். இரண்டு மாதமாக என்றாள். "தையக்காரனுக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும், பெத்த அப்பனுக்கு மட்டும் தெரியக்கூடாது, அப்படித்தானே? அவ்ளோ எளக்காரமா போயிட்டேனா அவனுக்கு?" என்று நான் குதித்தேன். என் குதியலை நீயும் பார்த்து வளர்ந்தவன்தான். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "கத்தாதீங்க. அவன் உங்க மேல கோவப்பட்டு மறைக்கல. அவனுக்கு வேல கெடச்சிருக்கிறது, அவன் சின்ன வயசுல விளையாடுன அந்த விமான கேம் செய்யிற கம்பெனியில. ஏவுகணை எப்படிப் பறக்கணும்னு கணக்கு எழுதிக் குடுக்கிற வேலையாம். 'அப்பாகிட்ட சொல்லாதீங்கம்மா, என்னாலதானே அவர் வேல போச்சு, மறுபடி அதே விஷயம்னா அவருக்குப் பழசெல்லாம் ஞாபகம் வரும், பாவம்'னு போன்ல அழுவுறான்" என்றாள். நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், தம்பி. உன்னால் என் வேலை போகவில்லை. அன்றைக்கு இணையத்தில் நீ எழுதியதை என் வேலையிடத்தில் ஒருவரும் படிக்கவில்லை. அப்படி ஒரு விஷயம் நடந்தது என்றே அங்கே எவருக்கும் தெரியாது. பதினான்கு வருடமாக நீ செய்யாத ஒரு தப்பைச் சுமந்துகொண்டு திரிகிறாய். அது உன் தலையில் ஏறியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். இறக்கி வைக்க ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

என் வேலை என்ன என்று உனக்கு உண்மையில் எப்போதாவது தெரிந்திருக்கிறதா? விமானப்படைத் தளம் ஒன்றுக்கு வெளியிலிருந்து வேலை எடுத்துச் செய்த சின்ன கம்பெனியில் இருந்தேன். ஏவுகணையைத் தூக்கி விமானத்தின் இறக்கைக்கு அடியில் பிடிப்பதற்கு ஒரு தள்ளுவண்டி இருக்கும். அந்த வண்டியின் சக்கரத்துக்கு கிரீஸ் போடுவதும், எண்ணெய் ஒழுகினால் ரப்பர் வளையத்தை மாற்றுவதும்தான் நான் செய்தது. அந்த வண்டிகளின் மேல் நான் பார்த்ததெல்லாம் பயிற்சிக்கு வைத்திருந்த, உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் கூடு. ஒரு ஏவுகணை கிளம்பிப் போவதை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. உள்ளே பார்த்ததை வெளியே பேசக்கூடாது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள், அது உண்மை. ஆனால் வெளியே சொல்ல என்னிடம் எதுவும் இருந்ததில்லை, அது அதைவிடப் பெரிய உண்மை.

நீ தொடக்கப்பள்ளியில் இருந்தபோது 'என் அப்பாவின் வேலை' என்று ஒரு படம் வரைந்தாய். பக்கத்தில் ஏவுகணை, அதைவிட உயரமாக நான். தலைமுடிகூடத் தாராளமாகவே போட்டிருந்தாய். இது என்னடா என்று கேட்டதற்கு, "நீங்கதானே பா ஏவுகணை செய்றீங்க?" என்றாய். இல்லடா, நான் வண்டிச் சக்கரம் பார்க்கிறவன் என்று சொல்லியிருக்கவேண்டும். நானோ சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "வெளியே சொல்லக்கூடாதுடா" என்றேன். உன் கண் விரிந்தது. உதட்டில் விரலை வைத்துக்கொண்டு பெரிய மனிதன் போலத் தலையாட்டினாய். அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அதன்பிறகு நீ எது கேட்டாலும் "அது ரகசியம்" என்பதே என் பதில். தெரியாது என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது, கௌரவமாகவும் இருந்தது.

உனக்குப் பதினாறு வயது நடந்தபோதுதான் ரகசியம் என்ற பதில் உனக்குப் போதாமல் போனது. அந்த விமான விளையாட்டில் நீ மூழ்கிக் கிடந்த காலம். அது வெறும் விளையாட்டு இல்லை, நிஜ விமானம் மாதிரியே ஓடும் சிமுலேட்டர் என்று என்னைத் திருத்திக்கொண்டே இருப்பாய். இரண்டு தீபாவளிக்குப் புதுத்துணி வேண்டாம் என்று சொல்லி வாங்கிய ஜாய்ஸ்டிக்கைப் பள்ளிச் சட்டையாலேயே துடைத்து வைப்பாய், அம்மா திட்டுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வெளியே நல்ல மழை, அம்மா சிராங்கூன் சாலைக் கோயிலுக்குப் போய் மாட்டிக்கொண்டிருந்தாள். நீ ஒரு நோட்டுப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். மாதக்கணக்கில் எழுதிய கணக்குகள். விளையாட்டில் ஏவுகணை ஏவுகிறவர்கள் எல்லாரும் இணையத்தில் ஒரு மன்றத்தில் கூடிச் சண்டை போடுகிறார்கள் என்றும், எது நிஜம், எது நிஜம் இல்லை என்று ஆதாரத்தோடு எழுதினால் விளையாட்டைச் செய்த கம்பெனியே திருத்தும் என்றும் மூச்சுவிடாமல் சொன்னாய்.

"அப்பா, என் கணக்குப்படி மோட்டார் கொஞ்ச செகண்டுதான் எரியுது. அப்புறம் நெருப்பே கெடையாது. சைக்கிள மிதிச்சுட்டு காலைத் தூக்கிட்டா உருண்டு போகுமே, அந்த மாதிரி சும்மா போகுது. ஒவ்வொரு வாட்டி திரும்பும்போதும் ஸ்பீடு கொறையும். பைலட் சரியான நேரத்துல திரும்பித் திரும்பி ஓட்டுனா, அது வந்து சேராமலே கீழ விழுந்துடும். ஆனா இந்த கேம்ல நாய் மாதிரி தொரத்திக்கிட்டே வருது பா, ஸ்பீடே கொறைய மாட்டேங்குது. தப்புன்னு ரிப்போர்ட் எழுதப் போறேன். நீங்க சொல்லுங்க, மோட்டார் எவ்ளோ நேரம் எரியும்?" இதை நான் வார்த்தை மாறாமல் எழுதுகிறேன் பார். பதினான்கு வருடம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தால் யாருக்கும் மனப்பாடமாகிவிடும்.

அதுவரை நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை, தம்பி. வாலில் நெருப்போடு கிளம்பும், நெருப்போடு போய் அடிக்கும் என்றுதான் எனக்குத் தெரிந்தது. "கடைசி வரைக்கும் எரியும்டா. எரியாம எப்படிப் போய் அடிக்கும்?" என்றேன். நீ நோட்டைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "ஷுவராப்பா? கணக்குல அப்படி வரலையே" என்றாய். அங்கேயாவது நான் நிறுத்தியிருக்கலாம். மகன் தன்னைவிடப் புத்திசாலி என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது சந்தோஷப்படுகிற தகப்பன்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. "கணக்குப் போட்டுப் பாத்தவன் நீ. கண்ணால பாத்தவன் நான்" என்றேன். அதற்கு மேல் நீ எதுவும் கேட்கவில்லை.

அந்த நோட்டு இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. உன் பழைய அலமாரியில், பள்ளிச் சான்றிதழ்களுக்கு அடியில் இருந்ததை இந்த வாரம்தான் எடுத்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாக நீல மையில் உன் கணக்கு. கடைசிப் பக்கத்தில் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் உன் கோழிக் கிறுக்கலில், 'அப்பா பார்த்திருக்கிறார். கடைசி வரை எரியும்.' சரியான விடையை நீயே அடித்துவிட்டு என் பொய்யை அதன் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாய். பரீட்சையில் பக்கத்துப் பையன் சொன்னால்கூட விடையை மாற்றாத பிடிவாதக்காரன் நீ.

மன்றத்தில் நடந்ததெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நேரில் பார்த்தவர் ஒருவர் சொன்னார் என்று நீ எழுதியிருக்கிறாய். அவர்கள் கணக்கைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். நீ விட்டுக்கொடுக்காமல் மூன்று நாள் எனக்காக வாதாடியிருக்கிறாய். உன்னைக் கேலி செய்து தீர்த்திருக்கிறார்கள். கடைசியில் ஒருவன், அப்படி நேரில் பார்த்தவன் வெளியே பேசியது உண்மையென்றால் அது குற்றம், புகார் கொடுக்கவேண்டும் என்று எழுதிவிட்டான். பள்ளிச் சீருடையைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் வந்து நின்றாய். "அப்பா, உங்களுக்கு வேல போயிடுமா?" என்றாய். நான் கை நீட்டி உன்னை அறைந்தேன்.

பயத்தில் அடித்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம்தான். ஆனால் வேலையைப் பற்றிய பயம் இல்லை. யாராவது வந்து விசாரித்தால், நான் சக்கரத்துக்கு கிரீஸ் போடுகிறவன் என்பது உனக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். அதை மறைக்கத்தான் அவ்வளவு சத்தம் போட்டேன். "குடும்பத்தையே நடுத்தெருவுக்குக் கொண்டாந்துட்டியேடா" என்றேன். ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கி, சமையலறையிலிருந்து தரைத்தளம் வரை போகும் குப்பைக் குழாயின் மூடியைத் திறந்து உள்ளே தள்ளினேன். பத்தாவது மாடி. அது சுவரில் மோதி மோதிக் கீழே போய்ச் சேரும்வரை நாம் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே நின்றோம். நீ அழவில்லை. "சாரிப்பா" என்றாய்.

சரியாக இரண்டு மாதம் கழித்து எங்கள் கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்தது. வேறு கம்பெனிக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். என்னோடு சேர்த்து எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சொன்னார்கள். பிஸ்கட்டும் தேநீரும்கூடக் கொடுத்தார்கள். நான் பையோடு வீட்டுக்கு வந்தபோது நீ வாசலில் நின்றாய். என் முகத்தைப் பார்த்ததும் உனக்குப் புரிந்துவிட்டது. "என்னாலயாப்பா?" என்று கேட்டாய். இல்லை என்ற ஒரு சொல், தம்பி. வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் பின்னாலேயே மற்ற எல்லாவற்றையும் சொல்லவேண்டியிருக்கும். உன் தோளில் கையை வைத்து, "விடு, நடந்தது நடந்துபோச்சு" என்றேன். நீ செய்யாத தப்புக்கு உன்னைப் பெருந்தன்மையாக மன்னித்தேன். நான் அடித்ததைக்கூட நீ மறந்துவிடலாம். அந்த மன்னிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு நீ எப்படி இருந்தாய் என்று எனக்குத் தெரியும். அம்மா குழந்தைகள் காப்பகத்தின் சமையலறைக்கு வேலைக்குப் போனாள். நீ சனி ஞாயிறுகளில் தேக்காவில் சாப்பாட்டுக் கடையில் தட்டு கழுவப் போனாய். கை வெந்து தோல் உரிந்திருக்கும், காட்டமாட்டாய். பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பித்தபோது விமானப் படிப்புக்கு உனக்கு இடம் கிடைத்திருக்கும், உன் ஆசிரியரே எனக்கு போன் செய்து சொன்னார். நீ வேறு எதையோ எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். ஏன்டா என்றேன். "அது வேணாம்பா" என்றாய். ஏன் வேண்டாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே, "ஒன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்தேன். ஜூரோங்கில் அந்தத் தொழிற்சாலை வேலை, அங்கேயே வாடகை அறை, மாதம் ஒரு ஞாயிறு வீட்டில் சாப்பாடு. வந்தால் என்னிடம் ஆஸ்பத்திரி, மருந்து, மழை, இதைத் தவிர வேறு எதையும் பேசமாட்டாய். பிள்ளைக்கு நம்மேல் ஒட்டுதல் இல்லை என்று நானும் வாய் கூசாமல் உன் அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை அவள்தான் உன் வீடியோக்களைக் காட்டினாள். இத்தனை வருடமாக நீ அவற்றை இணையத்தில் போட்டுக்கொண்டிருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரியாத இன்னொன்று. காவல் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உன் ஆங்கிலம் வேகமாகப் போகிறது, பாதி புரியவில்லை. ஆனால் திரையில் ஏவுகணையின் புகைக் கோடு நின்றுபோகிற இடத்தில் படத்தை நிறுத்தி, இதோ பாருங்கள், இங்கேயே மோட்டார் அணைந்துவிட்டது, இனி இது கையில் இருக்கிற வேகத்தை வைத்துத்தான் பிழைக்கவேண்டும், எதிரி ஒருமுறை திரும்பினால் இவ்வளவு போச்சு, இன்னொருமுறை திரும்பினால் இவ்வளவு போச்சு என்று நீ விரலால் காட்டுகிறாய் பார், அது எனக்குப் புரிந்தது. எந்த விளையாட்டில் இது நிஜமாக நடக்கிறது, எதில் ஏமாற்றுகிறார்கள் என்று பிரித்துச் சொன்னாய். அதே நோட்டுக் கணக்கு. அன்றைக்கு நீ எனக்குச் சொல்ல வந்தது முழுவதும் அதுதான். முந்நூறு பேர் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலில் சீருடையோடு உட்கார்ந்து நான் அழுதேன். உள்ளே வந்த ஒரு சீனப் பெண்மணி, "அங்கிள், ஓகே ஆ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதில் ஒரு வீடியோவின் கடைசியில் யாரோ உன்னிடம் கேட்கிறார்கள், இந்த எரியும் நேரத்தையே ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று. நீ சிரிக்கிறாய். பதினாறு வயதில், இது கடைசி வரை எரியும் என்று ஒரு மன்றம் முழுக்கச் சண்டை போட்டேன், எவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன் என்கிறாய். பிறகு, "மை ஓன் மிஸ்டேக் லா" என்கிறாய். என் பெயரை எடுக்கவில்லை. அப்பா சொன்னார் என்று சொல்லவில்லை. மோட்டார் கடைசி வரை எரியாது என்று உனக்குத் தெரிந்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும். அப்படியென்றால் நான் பொய் சொன்னேன் என்பதும் அன்றே உனக்குத் தெரிந்திருக்கும். அப்பா தப்பாகச் சொல்லிவிட்டார், ஆனாலும் என்னால் அவர் வேலை போனது போனதுதானே என்று நினைத்து என்னை மூடி மறைத்திருக்கிறாய். இப்போதும் ஊர் முன்னால் எனக்காக அடி வாங்கிக்கொண்டு நிற்கிறாய்.

அம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கும் இத்தனை நாள் தெரியாது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். "பதினாலு வருசம்" என்றாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் எடுத்து வைக்கிறாள்.

பிள்ளைகள் வெளிநாடு போகும்போது அப்பன்கள் புத்தி சொல்லி அனுப்புவார்கள். எனக்கு அந்த உரிமை இல்லை, ஆனாலும் வாய் சும்மா இருக்காது. குளிரில் காதை மூடிக்கொள், உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதுதான் முதலில் வலிக்கும். வெறும் ரொட்டியைத் தின்றுகொண்டு காலத்தை ஓட்டாதே, அம்மாவிடம் பருப்புப்பொடி வாங்கிக்கொள். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, உன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உனக்குத் தெரியாததைக் கேட்டால், தெரியாது என்று உடனே சொல்லிவிடு. அது உன்னைக் குறைவாக நினைத்தாலும் பரவாயில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தேடிக் கண்டுபிடியுங்கள்.

கோட்டு தயாராகிவிட்டது. நானே போய் வாங்கி வந்துவிட்டேன், தையல்காரரைக் கோபிக்காதே. இந்தக் கடிதத்தை மடித்து அதன் உள்பையில் வைத்துவிடலாம், நீ அந்த ஊரில் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்வாய் என்றுதான் முதலில் நினைத்தேன். வைத்தும் பார்த்தேன். பிறகு எனக்கே தெரிந்தது, அதுவும் ஒளிந்துகொள்வதுதான். நீ இந்த விமானப் பயணம் முழுவதும் அந்தப் பழியைச் சுமந்துகொண்டு போகவேண்டும், நான் இங்கே பத்திரமாக இருக்கவேண்டும். அதனால் சனிக்கிழமை காலை ரயிலேறி ஜூரோங்குக்கு வருகிறேன். கோட்டையும் நோட்டையும் கடிதத்தையும் உன் கையில் கொடுத்துவிட்டு, நீ படித்து முடிக்கும்வரை நிற்கிறேன். இதை நீ மறைக்கவேண்டாம். அந்த மன்றத்தில் போடு, வீடியோவில் வாசி. நீ நாலு பேர் முன்னால் தலைகுனிந்தாய், நானும் நாலு பேர் முன்னால் குனியவேண்டும்.

படித்ததும் நீ என்னை வெளியே போகச் சொன்னால் போய்விடுகிறேன். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன், நீ அடிக்கிற பிள்ளை இல்லை. எதற்கும் மனசு வரவில்லை என்றால் ஒன்றே ஒன்று செய். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அன்றைக்குக் கேட்ட கேள்வியை என்னிடம் இன்னொருமுறை கேள். மோட்டார் எவ்வளவு நேரம் எரியும் என்று கேள்.

எனக்குத் தெரியாது, தம்பி. நீதான் சொல்லவேண்டும்.

அப்பா